சனிக்கிழமைப் பிராது

பிள்ளைகள் சாமி முன்னால் உட்காரமாட்டேன் என்கிறார்கள், என்ன செய்வது என்று மருமகள் கேட்டாள். மணி அடித்தால் ஓடுகிறார்களாம். டி.வி. முன்னால் போய் விழுகிறார்களாம்.

சுண்டல் செய்து கொடு என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் நீளும். எழுதினால் நடுவில் யாரும் குறுக்கே பேசமாட்டார்கள். நான் மூன்றாம் வகுப்புதான். தப்பு இருந்தால் இருக்கட்டும்.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் கும்மிடிப்பூண்டியில் இருந்தோம். ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் வரிசை வீடு. ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, எதிர் மூலையில் சாமி. வண்டி போனால் சாமி படம் ஆணியில் ஆடும்.

எங்கள் ஊர் ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, ஏரிக்கரைக் குப்பம். ஏரியில் நினைத்தபோது வலை போட முடியாது. இன்றைக்கு இவன், நாளைக்கு அவன் என்று பஞ்சாயத்து முறை வைக்கும். என் வீட்டுக்காரர் கூடப் பிறந்த ஆண்கள் நிறைய. முறை சுற்றி வருவதற்குள் அடுப்பு ஆறிவிடும். அதனால் வலையை விட்டுவிட்டு இரும்பு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். நான் நெல் மில்லில். அவித்த நெல்லைக் களத்தில் கொட்டிக் காலால் தள்ளித் தள்ளிக் காயவைக்கிற வேலை. சாயங்காலம் வந்தால் உள்ளங்கால் தரையில் பட்டாலே எரியும்.

பிள்ளைகள் மூன்று. பெரியவள் பெண், ஆறாவது படித்தாள். அடுத்தவன் மூன்றாவது. கடைசிப் பையன் இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பெருமாளுக்கு விளக்கு வைப்போம். படம் திருவள்ளூரில் வாங்கியது. சின்னவன் வயிற்றில் இருக்கும்போது ஒரு அமாவாசைக்குப் போய்க் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு, கோயில் வாசலில் வாங்கினோம். விளக்கு வைத்து, கற்பூரம் காட்டி, எல்லோரும் ஒன்றாகக் கும்பிட வேண்டும் என்பது என் ஆசை. வாரம் முழுக்க ஆளுக்கொரு பக்கம். அவருக்கு ஷிப்ட். எனக்குக் களம். ஒரு வேளையாவது ஐந்து பேரும் ஒரு இடத்தில் நிற்கலாம் என்று நினைத்தேன். பெரிய பக்தி எல்லாம் இல்லை.

பிள்ளைகள் நிற்கவில்லை. பக்கத்து வீட்டில் ரேடியோ இருந்தது. நான் திரியைத் தூண்டும்போதே அங்கே பாட்டு ஆரம்பித்துவிடும். கண் இங்கே, காது அங்கே.

சுண்டல் செய்தேன். தின்றுவிட்டுப் போனார்கள். மணியைக் கையில் கொடுத்தேன். எனக்கு உனக்கு என்று பிடுங்கிக்கொண்டு மணியின் நாக்கைக் கழற்றிவிட்டார்கள். முதுகில் இரண்டு வைத்தேன். அழுதுகொண்டே கும்பிட்டார்கள். அது எனக்கே பிடிக்கவில்லை. வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து பீடி குடிப்பார். உள்ளே வா என்றால், "நீ கும்புடு, எனக்கும் சேத்து கும்புடு" என்பார்.

அப்படி ஒரு சனிக்கிழமை. அன்றைக்குக் களத்தில் மழைத் தூறல். காய்ந்த நெல்லை அவசரமாக வாரிக் குவித்துவிட்டு வந்திருந்தேன். இடுப்பு நிற்கவில்லை. பெரியவளும் அடுத்தவனும் சிலேட்டை உடைத்தது யார் என்று சண்டை. இரண்டு பேரும் என் புடவையைப் பிடித்து இழுத்தார்கள்.

"எம்மா, இவன் தாம்மா ஒடச்சான்!"

"பொய்யி! அக்கா குந்திச்சி அது மேல!"

"என்கிட்ட சொல்லாதீங்க," என்றேன். "என்னால ஆவாது. அதோ சாமி கீது பாரு. அதுங்கிட்ட போயி பிராது குடுங்க."

தொல்லை விட்டால் போதும் என்றுதான் சொன்னேன். அடுத்தவன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். ஊரில் கோயில் முன்னால் பஞ்சாயத்து கூடுவதை அவன் பார்த்திருக்கிறான். கொடியில் கிடந்த அப்பாவின் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படத்துக்கு முன்னால் நின்றான். "சாமி, எங்க அக்கா மேல ஒரு பிராது கீது" என்று ஆரம்பித்தான்.

வாசலிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

"டேய், பிராது குடுக்கிறவன் துண்ட தோள்லியா போடுவான்? எறக்கி இடுப்புல கட்றா."

பையன் இடுப்பில் கட்டினான். அவர் பீடியை அணைத்துவிட்டு நிலைப்படிவரை வந்தார்.

"எதிராளிய கூப்ட்டியா? பேர் சொல்லி மூணு தபா கூப்புடணும்."

கூப்பிட்டான். பெரியவள் வந்து நின்றாள். சின்னவன் கைகொட்டினான். நான் கற்பூரம் ஏற்றினேன். ஊரில் சந்தேகம் வந்தால் கற்பூரத்தை ஏற்றி அதன் முன்னால் சத்தியம் கேட்பார்கள். அதையும் பையன் விடவில்லை. "கற்பூரம் எரியசொல்ல பொய் சொன்னா நாக்கு வெந்துடும்" என்று அக்காவை மிரட்டினான். அவள் எரிகிற கற்பூரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நான் தான் குந்துனேன். தெரியாம குந்துனேன்" என்றாள்.

யார் தீர்ப்பு சொல்வது? எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் உள்ளே வந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமினார். "அபராதம், பத்து தோப்புக்கரணம். கட்னா பிராது தீந்துது. அப்பால யாரும் அத பத்தி பேசக்கூடாது" என்றார். அவள் போட்டாள். தம்பிகள் எண்ணினார்கள். பக்கத்து வீட்டு ரேடியோவில் என்ன பாடினார்கள் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை நான் கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை. விளக்குக்கு எண்ணெய் ஊற்றும்போதே மூன்றும் கால் கழுவிக்கொண்டு வந்து நின்றன. வாரம் முழுக்கப் பிராதுகளைச் சேர்த்து வைத்திருந்தார்கள். அவர் ஆலையிலிருந்து நேரே வீட்டுக்கு வந்தார். குளித்தார். வேட்டி மாற்றினார். ஆலையில் அவரை யாரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை, "ஏய்" தான். இங்கே அவர் தலைவர். முதுகு நேராக உட்காருவார்.

சின்னவன் முதல் பிராதை, எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்கார அம்மாவின் ஆட்டின் மேல் கொடுத்தான்.

"ஆடு என் டவுசர துன்னுச்சி."

"எதிராளிய கூப்புடு."

அவன் வெளியே போய் மூன்று முறை "ஆடு! ஆடு! ஆடு!" என்று கத்தினான். ஆடு வரவில்லை.

"எதிராளி வர்லன்னா இன்னா பண்றது தலைவரே?" என்று பெரியவள் கேட்டாள்.

"ஊர உட்டு தள்ளி வெக்கறது தான்."

ஒரு வாரம் அந்த ஆட்டோடு இவர்கள் யாரும் பேசவில்லை. வீட்டுக்கார அம்மா என்னிடம், "இன்னாம்மா, உன் பசங்க என் ஆட்ட பார்த்தா மூஞ்ச திருப்பிக்கினு போதுங்க?" என்று கேட்டாள். ரேடியோ வீட்டுப் பிள்ளைகள் ரேடியோவை விட்டுவிட்டு எங்கள் வாசலில் வந்து குந்த ஆரம்பித்தார்கள். தீர்ப்பு முடிந்தபிறகு எல்லோரும் சேர்ந்து கோவிந்தா போடுவார்கள். எல்லாச் சத்தத்தையும்விட அது பெரிதாக இருக்கும்.

நான் அடுப்புப் பக்கம் நிற்பேன். கற்பூரத் தட்டை வைப்பேன், சுண்டல் கொடுப்பேன். ஒருநாள் பெரியவள் கேட்டாள்.

"எம்மா, நீ ஏன் பிராதே குடுக்கமாட்டேன்ற? உனுக்கு யார் மேலயும் இல்லியா?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் சொன்னார். "பொம்பளைங்க பஞ்சாயத்துல பேசமாட்டாங்க. அவங்களுக்கோசரம் ஊட்டு ஆம்பள பேசுவான்."

"அப்ப நான் பேசறனே?"

"நீ கொயந்த."

அவள் அதை மறக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

தை பிறந்து கொஞ்ச நாளில் என் நாத்தனார் ஊரிலிருந்து வந்தாள். அவருக்கு ஒரே தங்கை. முறத்தளவு காய்ந்த இறால் கொண்டுவந்தாள். அவளுக்குச் சின்னச் சின்னப் பிள்ளைகள், இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று. வந்தவள் தண்ணீர் குடித்துவிட்டு அண்ணனிடம் நேராகக் கேட்டாள்.

"உன் பொண்ண எங்கூட அனுப்புண்ணா. கொயந்தைங்கள பாத்துக்கினா போதும். எறா காயப்போட கூட ஒரு கை. எங்க ஊட்ல சோத்துக்கு கொற இல்ல. வயசுக்கு வந்தா நானே சீர் செய்றேன்."

நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"இட்டுகினு போ. உனுக்கு இல்லாததா? அடுத்த ஞாயித்துக்கெயம வா."

அவ்வளவுதான். நாத்தனார் சிரித்தாள். என்னைப் பார்த்து, "இன்னா அண்ணி, சரிதான?" என்றாள். வாக்கு கொடுத்தபிறகு கேட்கிற கேள்வி. நான் அரிசியைப் புடைத்தேன்.

அவள் போனபிறகு சொன்னேன், "பொண்ணு படிக்குது."

"எயுத்து கூட்டி படிக்க வந்துடுச்சி இல்ல. போதும். தங்கச்சிக்கு வாக்கு குடுத்துட்டேன். ஊர்ல என் பேச்சுக்கு இன்னா மதிப்பு மிஞ்சி கீதோ அது ஒண்ணு தான் கீது."

அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. முறையை விட்டு, வலையை விட்டு வந்தவர். ஊரில் அவருக்கு மிச்சம் இருந்தது அந்தத் தங்கையும் அவர் வாயிலிருந்து வரும் வார்த்தையும்தான். எனக்கு அது தெரியும். ஆனால் பெண் போனால் திரும்பி வரமாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். குழந்தை பார்க்கப் போன பெண்கள் அங்கேயே வயதுக்கு வந்து, அங்கேயே யாருக்காவது வாழ்க்கைப்பட்டு, என்னைப்போல் ஆவார்கள். நானும் அப்படித்தான் மூன்றாம் வகுப்போடு ஒரு அத்தை வீட்டுக்குப் போனேன்.

பெரியவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. அந்த வாரம் தம்பிக்குத் தலை வாரினாள், தண்ணீர் எடுத்தாள், பள்ளிக்கூடம் போனாள். சனிக்கிழமை வந்தது. மறுநாள் நாத்தனார் வரவேண்டும்.

விளக்கு வைத்தேன். அவர் வழக்கம்போல் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். முதலில் அடுத்தவன் ஏதோ பம்பரப் பிராது கொடுத்தான். தீர்ந்தது. பிறகு பெரியவள் கொடியிலிருந்து துண்டை எடுத்துப் பாவாடைமேல் இடுப்பில் கட்டிக்கொண்டாள். தம்பிகள் சிரித்தார்கள்.

"சாமி, தலைவர் மேல ஒரு பிராது கீது."

அவரும் சிரித்தார். "யார் மேல?"

"உம்மேல தான் நைனா." படத்தைப் பார்த்தே சொன்னாள். "எனுக்கு இஸ்கூல் போவணும். நைனா என்ன அத்த ஊட்டுக்கு குடுத்துடுச்சி."

அவர் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்திலேயே நின்றது. வாசலில் இருந்த ரேடியோ வீட்டுப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். நான் தட்டைப் பிடித்தபடி நின்றேன்.

சின்னவன்தான் எழுந்தான். அவனுக்கு இது எல்லாம் ஆட்டம். அப்பாவின் தோளைப் பிடித்துத் தள்ளினான்.

"எந்திரி நைனா. தலைவர் மேல பிராது வந்தா தலைவர் எந்திரிக்கணும். நீ தான் சொன்ன. வேற ஆளு ஒக்காரணும்."

சொன்னதுதான். ஊர் வழக்கம் என்று ஒருநாள் அவரே சொல்லியிருந்தார். எழுந்தார். சின்னவன் அந்த இடத்தில் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து தொண்டையைச் செருமினான். பெரியவள் தன் இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்து அப்பாவிடம் நீட்டினாள். அவர் வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டார். கற்பூரம் ஏற்றினேன்.

"குடுத்தியா நைனா?" என்றான் சின்னவன்.

"குடுத்தேன்."

பொய் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. சின்னவன் அக்காவைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்த தீர்ப்பு ஒன்றுதான்.

"பத்து தோப்புக்கரணம்!"

அவர் காதைப் பிடித்துக்கொண்டு போட்டார். நாள் முழுக்க இரும்பு தூக்கிய கால். உட்காரும்போது முட்டி சொடுக்கியது. கடைசி இரண்டுக்குச் சுவரைப் பிடித்தார். பிள்ளைகள் வாசலிலிருந்து எண்ணினார்கள். பத்து வந்ததும் கோவிந்தா போட்டார்கள். சின்னவன் குதித்தான்.

அவர் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அபராதம் கட்டியாச்சி. பிராது தீந்துது" என்றார்.

பெரியவள் அப்படியே நின்றாள். "தீந்துதா?"

அடுத்தவனுக்கு அழுகை வந்துவிட்டது. இருந்தாலும் தலையை ஆட்டினான். "ஆமாக்கா. அபராதம் கட்டினா அதோட சரி. அப்பால பேசக்கூடாது."

அவள் என்னைப் பார்க்கவில்லை. பொம்பளை பேசமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். கற்பூரத்தைத்தான் பார்த்தாள். அது அடியில் நீலமாகிக்கொண்டிருந்தது.

நான் டப்பாவைத் திறந்து இன்னொரு கற்பூரம் எடுத்து அதன்மேல் வைத்தேன். பிடித்துக்கொண்டது.

"எனுக்கு ஒரு பிராது கீது," என்றேன்.

"இன்னா பேசற நீ?" என்றார். "பொம்பள—"

"ஊரு பஞ்சாயத்துல பேச மாட்டேன்யா. இது என் ஊடு. இந்த வெளக்கு நான் ஏத்துனது."

சின்னவன், "துண்டு கட்டும்மா" என்றான். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"பொண்ண குடுக்கசொல்ல என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

அவர் படத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். கற்பூரம் குறைந்தது. இன்னொன்று வைத்தேன். அதுவும் குறைந்தது. இன்னொன்று வைத்தேன். கற்பூரம் எரியும்வரை கேள்வி நிற்கும். எங்கள் பிள்ளைகள் போட்ட சட்டம் அது. ஸ்டேஷனில் வண்டி வந்து நின்று போயிற்று. படம் ஆடி அடங்கியது. அறை முழுக்கப் புகை. சின்னவன் இருமினான்.

"எம்மா, டப்பா காலியாவுது," என்று அடுத்தவன் மெதுவாகச் சொன்னான்.

"ஆவட்டும்."

கடைசித் துண்டுக்குக் கை போனபோது அவர் சொன்னார்.

"கேக்கல."

அந்த ஒரு வார்த்தைதான். நான் சின்னவனைப் பார்த்தேன். அவன் வாயைத் திறந்தான். பத்து என்று சொல்லப்போகிறான் என்று தெரிந்தது.

"தோப்புக்கரணம் வேணாம் தலைவரே," என்றேன். "நைனாவுக்கு முட்டி வலிக்குது. பொண்ணு இங்கியே இருக்கட்டும். அதான் அபராதம்."

அவன் யோசித்தான். "சரி. அக்கா இங்கியே" என்றான். பிறகு, "சுண்டல் எங்கம்மா?" என்றான்.

அவர் சட்டை போட்டுக்கொண்டு வெளியே போனார். குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை. கதவைத் திறந்து பார்த்தபோது தண்டவாளத்துப் பக்கம் கல்லில் உட்கார்ந்திருந்தார். பிறகு வந்து சோறு கேட்டார். போட்டேன்.

மறுநாள் விடிந்ததும் அவரே ஆரம்பாக்கத்துக்கு வண்டி ஏறினார். தங்கை கிளம்புவதற்கு முன்னால் போய்ச் சேரவேண்டும் என்று போயிருக்கிறார். அங்கே என்ன சொன்னார், அவள் என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மத்தியானம் வெறும் கையோடு வந்தார். எப்போது போனாலும் ஏதாவது மீன் கொடுத்து அனுப்புவார்கள். அன்றைக்கு இல்லை. நாத்தனார் அதன்பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. பெரியவள் கல்யாணத்துக்கும் வரவில்லை. ஊர்த் திருவிழாவுக்குப் போனால் அவர் மற்ற ஆண்களோடு உட்காரமாட்டார். ஓரமாக நின்றுவிட்டு வந்துவிடுவார்.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள் கால் கழுவிக்கொண்டு வந்தார்கள். பிராது வைத்திருந்தார்கள். அவர் உள்ளே வரவில்லை.

"தலைவரே, வா நைனா," என்று சின்னவன் கூப்பிட்டான்.

"நீயே பாரு. நீ தான் தலைவரு."

அவன் உட்கார்ந்தான். எல்லாவற்றுக்கும் பத்து என்றான். இரண்டு வாரத்தில் சலித்துவிட்டது. பெரியவள் பிராதே கொடுக்கவில்லை. கேட்டதற்கு, "எனுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றாள். ரேடியோ வீட்டுப் பிள்ளைகள் ரேடியோவுக்குப் போனார்கள். எங்கள் பிள்ளைகளும் பின்னாலேயே போனார்கள். நான் பழையபடி சுண்டல் செய்தேன்.

பெரியவள் பத்தாவதுவரை படித்தாள். அதில் ஒரு பாடம் போயிற்று. புதுவாயல் பக்கம் ஒரு கம்பெனியில் சரக்கை டப்பாவில் அடைக்கிற வேலை கிடைத்தது. பெரிய உத்தியோகம் இல்லை. பஸ் ஏறிப் போவாள், பஸ் ஏறி வருவாள். வேலைக்கு எழுதிப் போட்டபோது அவளே எழுதி, அவளே கையெழுத்துப் போட்டாள்.

நான் களத்துக்குப் போவதை நிறுத்த இன்னும் பல வருஷம் ஆயிற்று. சனிக்கிழமை விளக்கை மட்டும் விடவில்லை. பிள்ளைகளைக் கூப்பிடுவதை விட்டுவிட்டேன். வந்தால் வரட்டும்.

அவர் வருவார். உள்ளே இல்லை. நான் கற்பூரத்தைத் தட்டில் வைக்கும்போது நிலைப்படிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பார். தோளில் கிடக்கும் துண்டை இறக்கி இடுப்பில் கட்டிக்கொள்வார். நான் திரும்பிப் பார்க்கமாட்டேன். ஒரு கற்பூரம்தான் வைப்பேன். அது அணைகிறவரை நிற்பார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சோறு ஆச்சா?" என்பார்.